மயன் மாளிகையும் ஒரு சாம்பல் கிண்ணமும்

டெல்லியின் முதல் ரியல் எஸ்டேட் அதிபர்கள் பஞ்ச பாண்டவர்கள். பங்காளித் தகராறில் பெரியப்பா திருதராஷ்டிரன் உருப்படியான அஸ்தினாபுரத்தைத் தன் பிள்ளைகளுக்கு வைத்துக்கொண்டு, யமுனைக் கரையில் பாம்பும் புதருமாகக் கிடந்த காண்டவப்பிரஸ்தத்தைத் தம்பி மக்கள் தலையில் கட்டினார். கண் தெரியாதவர்தான், ஆனால் எந்த நிலத்துக்கு எவ்வளவு விலை போகும் என்பது மட்டும் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது.

கிருஷ்ணனும் அர்ஜுனனும் அந்தக் காட்டுக்குத் தீ வைத்தார்கள். இதற்குச் சொல்லப்பட்ட காரணம், யாகத்தில் நெய்யை அளவில்லாமல் குடித்து அக்னி பகவானுக்கு அஜீரணம் வந்துவிட்டது, காட்டைச் சாப்பிட்டால்தான் சரியாகும் என்பது. ஒரு சுக்குக் கஷாயத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். மழை பெய்து அணைக்க வந்த இந்திரனையும் அம்பு மழையால் தடுத்துவிட்டார்கள். டெல்லியின் காற்று என்றைக்குக் கெட்டது என்று ஆராய்கிறவர்கள் இங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

தீயில் தப்பிப் பிழைத்தவன் மயன். அசுரர்களின் தலைமைக் கொத்தன். உயிர்ப்பிச்சைக்குக் கைம்மாறாகப் பாண்டவர்களின் புது ஊரான இந்திரப்பிரஸ்தத்தில் ஒரு சபாமண்டபம் கட்டிக் கொடுத்தான். தரை தண்ணீர் போலவும் தண்ணீர் தரை போலவும் இருந்ததாம். துரியோதனன் தண்ணீருக்குள் விழ, திரௌபதி சிரிக்க, அதற்குப் பிறகு நடந்ததை வட ஆர்க்காட்டு, தென் ஆர்க்காட்டுத் தெருக்கூத்துகளில் விடிய விடியப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். வழுக்குகிற டைல்ஸ் ஒரு வம்சத்தையே அழித்தது என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

அந்த மாளிகை நின்ற இடம் என்று டெல்லிக்காரர்கள் காட்டுவது புராணா கிலாவை. மதுரா சாலையில், மிருகக்காட்சி சாலைக்குப் பக்கத்தில், ஒரு மேட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. மேடு என்றால் கொல்லிமலைக்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் இந்தத் தட்டையான ஊருக்கு அதுவே மலை. ஒரு காலத்தில் யமுனை அதன் கிழக்குச் சரிவை ஒட்டி ஓடியது. இப்போது நதி கிழக்கே ஒதுங்கிவிட்டது. டெல்லியின் பக்கத்தில் நெருங்கி ஓட அதற்கும் பயம் இருக்கும். மேட்டின் உயரத்தில் பெரும்பகுதி மனிதர்கள் செய்தது. இடிந்த வீட்டின் மேல் வீடு, உடைந்த பானையின் மேல் பானை என்று இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாகக் கொட்டிக் கொட்டி உயர்ந்திருக்கிறது.

இந்தக் குப்பையைக் கிளற வந்தவர் தொல்லியலாளர் பி.பி.லால். 1950 முதல் 1952 வரை அஸ்தினாபுரத்தைத் தோண்டி முடித்துவிட்டு, 1954-55இல் புராணா கிலாவில் குழி போட்டார். அவர் தேடியது காண்டீபத்தையோ கதாயுதத்தையோ அல்ல. சாம்பல் நிறத்தில், மெல்லிசாக, கருப்புக் கோடும் புள்ளியும் வட்டமும் தீட்டிய மண்பாண்டத்தைத் தேடினார். தீட்டிய சாம்பல் நிறப் பாண்டம் என்று தொல்லியலாளர்கள் சொல்வது அதைத்தான். சுமார் கி.மு. 1200 முதல் 600 வரை கங்கை-யமுனைச் சமவெளியில் புழங்கியது. பாரதத்தில் வரும் ஊர்களில் தோண்டிய இடத்தில் எல்லாம் இது தட்டுப்பட்டதால், இதுதான் பாண்டவர் வீட்டுப் பாத்திரம் என்று லால் முடிவு கட்டினார். அஸ்தினாபுரத்தில் கங்கை வெள்ளம் ஊரை அடித்துப்போன தடயமும் கிடைத்தது. நிசக்ஷு என்ற மன்னன் காலத்தில் வெள்ளம் வந்து கௌசாம்பிக்குக் குடிபெயர்ந்தார்கள் என்று புராணங்கள் சொல்வதும் ஒத்துப்போனது. போதாதா?

புராணா கிலாவிலும் அந்த ஓட்டாஞ்சில்லுகள் சில கிடைத்தன. நம் ஊர்ப் பிள்ளைகள் பாண்டி ஆடப் பொறுக்குமே, அந்த அளவுக்கு. அத்தனை சிறிய துண்டின் மேல் பாரதத்தின் பதினெட்டுப் பர்வத்தையும் தூக்கி வைத்தார்கள். ஆனால் 1969 முதல் 1973 வரை இந்தியத் தொல்லியல் துறை மறுபடி பெரிதாகத் தோண்டியபோது மௌரியர் காலம், சுங்கர், குஷாணர், குப்தர், ராஜபுத்திரர், சுல்தான்கள், மொகலாயர் என்று அடுக்கடுக்காக வந்தது. சாம்பல் பாண்டத்துக்கு என்று ஒரு தனி மண்ணடுக்கு மட்டும் சிக்கவில்லை. 2013-14இல் தோண்டினார்கள், 2017-18இல் தோண்டினார்கள், 2023இலும் தோண்டினார்கள். மெட்ரோவுக்குத் தோண்டியது போக மீதியிருக்கும் டெல்லியை இவர்கள் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இதில் எனக்குப் பிடித்த சங்கடம் வேறு. அந்தச் சாம்பல் பாண்டத்தை வைத்துச் சாப்பிட்ட மக்கள் அஸ்தினாபுரத்தில் எப்படிப்பட்ட வீடுகளில் இருந்தார்கள் என்று பார்த்தால், மூங்கில் தட்டியில் மண் பூசிய சுவர். அவ்வளவுதான். பளிங்குத் தரையும் இல்லை, ஸ்படிகத் தூணும் இல்லை. துரியோதனன் உண்மையாகவே வழுக்கி விழுந்திருந்தால் அது சாணி மெழுகிய தரையாக இருந்திருக்கும். திரௌபதி சிரித்ததில் தப்பே இல்லை. மயன் மாளிகை காணாமல் போய்விட்டது. அதே காலத்துக் குயவன் ஒருவன் வனைந்த கிண்ணம் மட்டும் மண்ணுக்குள் இருந்து வந்து ஆஜராகிறது.

அந்தக் கிண்ணமும் லேசுப்பட்டதல்ல. அன்றாடச் சமையலுக்குச் சொரசொரப்பான சிவப்புப் பானை தனியாக இருந்தது. இது விருந்தாளி வந்தால் எடுப்பது. களிமண்ணை நன்றாக அரித்து, சக்கரத்தில் முட்டை ஓடு போல் மெல்லிசாக வனைந்து, சூளையில் காற்று உள்ளே போகாமல் அடைத்துச் சுட்டிருக்கிறார்கள். காற்று இல்லாவிட்டால் மண்ணில் உள்ள இரும்பு சிவக்காது, சாம்பல் நிறம் கொள்ளும். எங்கே ஒரு விரிசலில் காற்று புகுந்தாலும் அந்த இடம் செம்மை தட்டிவிடும். வெப்பமானியும் புத்தகமும் இல்லாமல், புகையின் நிறத்தை மட்டும் பார்த்து இதைச் சாதித்தவர்களில் ஒருவர் பெயரும் எந்தப் பர்வத்திலும் இல்லை. அக்னிக்கு அஜீரணம் வந்தது மட்டும் இருக்கிறது.

பாண்டவர்கள் கடைசியில் கேட்ட ஐந்து ஊர்கள் பானிபட், சோனிபட், பாக்பட், தில்பட், இந்தர்பட் என்று இந்தப் பக்கத்துக் கர்ணபரம்பரைக் கதை. இன்றைய நெரிசலில் இந்த ஐந்தையும் ஒரே நாளில் காரில் சுற்றி வந்தால், துரியோதனன் ஊசிமுனை நிலம்கூடத் தரமாட்டேன் என்றது பெரிய உபகாரம் என்று தோன்றும்.

இவற்றில், புராணா கிலாவுக்குள் இருந்த இந்தர்பட் கிராமம் கதையல்ல, நிஜம். டெல்லியின் நாரைனாவில் கிடைத்த 1328ஆம் ஆண்டுக் கல்வெட்டில் இந்திரப்பிரஸ்தம் பெயரோடு வருகிறது. மொகலாய மன்னர் ஹுமாயூன் கோட்டை கட்டியது இந்திரப்பிரஸ்தத்தில்தான் என்று அக்பரின் சரித்திரக்காரர் அபுல் ஃபஸலும் எழுதி வைத்தார். 1533இல் அந்த மேட்டைப் பிடித்து தீன்பனா என்ற ஊரைத் தொடங்கிய ஹுமாயூன், கிழமைக்கு ஒரு கிரகம், கிரகத்துக்கு ஒரு நிறம் என்று உடை மாற்றிக்கொண்டு ஆட்சி செய்தவர். எந்த நாளில் என்ன போடுவது என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் 1540இல் ஷேர் ஷா வந்து துரத்திவிட்டார். ஷேர் ஷா கட்டிய எண்கோண மண்டபத்தை, பதினைந்து வருஷம் அலைந்து திரும்பி வந்த ஹுமாயூன் நூலகமாக்கிக்கொண்டார். 1556 ஜனவரியில் தொழுகை அழைப்பு கேட்டு மண்டியிடப் போனவர் அங்கியில் கால் தடுக்கிப் படியிலிருந்து உருண்டார். சில நாளில் உயிர் போனது. எதிரியின் படை தோற்றது, படிக்கட்டு ஜெயித்தது. அந்த ஷேர் மண்டலின் படிகள் இன்றும் செங்குத்தாகத்தான் இருக்கின்றன. பூட்டி வைத்திருக்கிறார்கள், நல்ல காரியம்.

பாதுஷாக்கள் போன பிறகும் கோட்டைக்குள் ஆடு மாடு, அடுப்பு, பானை சகிதம் கிராமம் இருந்தது. பாண்டவர், மௌரியர், மொகலாயர் எவராலும் கிளப்ப முடியாதவர்களை 1911இல் அறிவித்த புதுத் தலைநகர் கிளப்பியது. அதன் கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் வரைந்த ராஜபாட்டை புராணா கிலாவை நோக்கிப் போக வேண்டும். அந்தக் காட்சியில் சாணி வறட்டி தெரியக்கூடாது. 1913 வாக்கில் ஊரையே காலி செய்தார்கள். அந்தப் புதுத் தலைநகரும் 1931இல் திறப்பு விழா கண்டு 1947இல் கைமாறிவிட்டது. அந்த வருஷம் பாகிஸ்தான் ரயிலுக்குக் காத்திருந்த முஸ்லிம் அகதிகள் இதே மதிலுக்குள் மழையிலும் வெயிலிலும் கிடந்தார்கள். அதில் வேடிக்கை செய்ய ஒன்றுமில்லை.

கோட்டையின் பின்பக்கம் பைரவர் கோயில் இருக்கிறது. பீமன் கட்டியது என்பார்கள். ஒரு பைரவருக்குப் பால், இன்னொருவருக்குச் சாராயம். பீமன் கட்டியிருந்தால் இரண்டாவது சந்நிதிதான் முதலில் எழும்பியிருக்கும்.

குயவனுக்கு ஆறு மாதம், தடிகாரனுக்கு அரை நாழிகை என்று நம்மிடம் பழமொழி உண்டு. டெல்லிச் சரித்திரம் என்று பள்ளியில் படித்ததெல்லாம் தடிகாரர்களின் வரிசை. குயவர்களைப் பார்க்க வேண்டுமானால் மேற்கே உத்தம் நகரில் உள்ள கும்ஹார் கிராமத்துக்குப் போக வேண்டும். 1970களிலிருந்து ஹரியானா, ராஜஸ்தானிலிருந்து வந்து குடியேறிய பிரஜாபதி என்ற குயவர் குடும்பங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. சந்தில் நுழைந்தால் வாசல்படி, மொட்டை மாடி, பைக்கின் பின்சீட்டு எல்லா இடத்திலும் பச்சைப் பானை காய்கிறது. சுழலும் மண்ணின் நடுவில் கட்டை விரலை அழுத்தி, விளிம்பை இழுத்து, நூலால் அடியை அறுத்து எடுத்து வைக்கிறார் ஒருவர். ஒரு அகல் முடிய நாம் மூச்சு விடும் நேரம். அடுத்து ஒன்று.

இவர்களையும் அரசாங்கங்கள் அவ்வப்போது ரட்சிக்கின்றன. 2004இல் ரயில்வே அமைச்சரான லாலு பிரசாத், ரயிலில் இனி மண் குவளையில்தான் டீ என்றார். குயவர்களின் பொற்காலம் பிறந்தது. அடுத்த ஸ்டேஷனுக்குள் காகிதக் கப் ஏறிவிட்டது. பிறகு காதி கமிஷன் மின்சாரச் சக்கரம் கொடுத்தது, அது உண்மையிலேயே உதவியது. சூளையிலிருந்து புகை வருகிறது என்று ஒரு புகாரும் தொடர்ந்து வருகிறது. காண்டவ வனத்தை முழுசாகக் கொளுத்தியவர்களுக்கு ஒரு நோட்டீஸ்கூடப் போகாத ஊரில்!

போக நினைப்பவர்களுக்கு: இரண்டு இடமும் மெட்ரோவின் ஒரே ப்ளூ லைனில்தான். சுப்ரீம் கோர்ட் ஸ்டேஷனில் இறங்கினால் புராணா கிலா, உத்தம் நகரில் இறங்கினால் கும்ஹார் கிராமம். காலையில் கோட்டை அருங்காட்சியகத்தில் சில்லுகளைப் பார்த்துவிட்டு மாலையில் சூளைப் பக்கம் போங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரம் போகாதீர்கள், நிற்க இடம் கிடைக்காது. பானை வாங்கினால் தட்டிப் பார்த்து வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள்.