ரங்கூன் தம்பி

இங்கே யாங்கோன் (பழைய ரங்கூன்) தமிழ்க் குடும்பங்களில் கொஞ்சம் வசதி உள்ளவர்கள் பிள்ளையைச் சிங்கப்பூருக்குப் படிக்க அனுப்புவார்கள். எண்ணிச் செலவு செய்கிறவர்கள் சென்னைக்கு அனுப்புவார்கள். சிங்கப்பூர் போனவனைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையானால் பெனின்சுலா பிளாசாவுக்குப் போவான். அங்கே பர்மாக் கடைகளாகவே இருக்கும். மொகிங்கா என்ற மீன் நூடுல்ஸ் சூப்பை ஊதி ஊதிக் குடித்துவிட்டு வருவான். பாவம், வீட்டை விட்டு வந்த பிள்ளை என்று நாலு பேர் உச்சுக் கொட்டவும் செய்வார்கள். சென்னைக்குப் போன ரங்கூன் தம்பிக்கு அந்த உச்சுக்கூடக் கிடையாது. அவன் முகம் தமிழ் முகம். பேசுவது தமிழ். நெற்றியில் விபூதி வேறு. தான் வெளிநாட்டில் இருப்பதை அவன் ஒருவன்தான் நம்புகிறான்.

வழியனுப்ப வந்த அப்பாவே, "நம்ம ஊருக்குத்தானே போறே, அழுவானேன்?" என்று கேட்டார். அப்பா அந்த ஊரைப் பார்த்ததில்லை. அவருடைய அப்பா சொல்லிக் கேட்டதோடு சரி. அம்மா அனோரட்டா சாலைக் காளி கோயிலில் அர்ச்சனை செய்து குங்குமப் பொட்டலத்தைப் பையில் செருகினாள். 1871-இல் தமிழர்கள் கட்டிய கோயில் அது. போகிறவர் வருகிறவர் பத்திரமாகப் போய்ச்சேர வேண்டும் என்ற மனுவைக் கேட்டுக் கேட்டு அந்த அம்மனுக்கே கடவுச்சீட்டு விவகாரமெல்லாம் அத்துப்படியாகியிருக்கும்.

சென்னையில் இறங்கியதும் முதல் சோதனை, சாலையைக் கடப்பது. மியான்மரில் 1970-இல் வண்டிகளெல்லாம் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறின. ஜோசியர் சொல்லித்தான் மாற்றினார்கள் என்று இங்கே யாங்கோனில் இன்னமும் பேசிக்கொள்வார்கள். ஆகவே நம் தம்பி பிறந்ததிலிருந்து முதலில் இடப்பக்கம் பார்த்துவிட்டுக் காலை எடுத்து வைப்பவன். அண்ணா சாலையில் பஸ் வலப்பக்கத்திலிருந்து வருகிறது. அது போதாதென்று மோட்டார் சைக்கிள்கள். யாங்கோன் நகருக்குள் மோட்டார் சைக்கிளுக்குப் பல வருஷமாகத் தடை. அந்த ஜந்து முன்னால், பின்னால், நடைபாதைமேல் என்று எந்தத் திசையிலிருந்தும் வரக்கூடியது என்பது அவனுக்குத் தெரியாது. ஒரு பாட்டியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்தான்.

வகுப்பின் முதல்நாள் லுங்கி கட்டிக்கொண்டு போனான். குற்றம் அவனுடையது இல்லை. இங்கே யாங்கோனில் பள்ளிக்கூடச் சீருடையே வெள்ளைச் சட்டையும் பச்சை லுங்கியும்தான். வாத்தியார் லுங்கி, வங்கி மேலாளர் லுங்கி, மந்திரி லுங்கி. கணுக்கால்வரை தழைய விட்டு, முன்னால் ஒரு முடிச்சுப் போட்டு, பட்டன் வைத்த மேல்சட்டையும் அணிந்தால் கல்யாணத்துக்கே போகலாம். சென்னையில் வாசற்காவலர், "தூங்கி எழுந்து அப்படியே வந்துட்டியா?" என்று திருப்பி அனுப்பினார். விடுதி நண்பர்கள் கைலியை முழங்காலுக்குமேல் மடித்துக் கட்டுவதைப் பார்த்து இவன் கூசினான். இவன் கணுக்கால்வரை விட்டு நடப்பதைப் பார்த்து அவர்கள் சிரித்தார்கள்.

ஆனால் ஏக்கங்களில் பெரிய ஏக்கம் டீக்கடைதான். யாங்கோன் டீக்கடை என்றால் முழங்கால் உயரத்துக்கு பிளாஸ்டிக் முக்காலிகள், மேஜைமேல் ஒரு பிளாஸ்க் நிறைய வெறுந்தேநீர், அது இலவசம். கேட்காமலே சமோசாவும் எண்ணெயில் பொரித்த நீள மாவுக்குச்சியும் கொண்டுவந்து வைப்பார்கள். தின்றதற்கு மட்டும் காசு. பால் தூக்கலா, சர்க்கரை தூக்கலா, கசப்புத் தூக்கலா என்று ஒவ்வொரு பக்குவத்துக்கும் தனிப்பெயர் உண்டு. ஒரு கோப்பை டீக்கு இரண்டு மணி நேரம் உட்காரலாம். கால்பந்து, காதல், டாலர் விலை எல்லாவற்றையும் தீர்த்துவிட்டு எழுந்திருக்கலாம். சென்னை டீக்கடையில் நின்றுகொண்டே குடித்துவிட்டு, கிளாஸை வைத்த கையோடு நகர வேண்டியிருக்கிறது. தம்பி முதல் வாரம் முழுவதும் பிளாஸ்க்கைத் தேடினான்.

பரிமாறும் பையனை யாங்கோனில் வாய்விட்டுக் கூப்பிடுவதில்லை. உதட்டைக் குவித்து, முத்தமிடுகிற மாதிரி "ச்சு ச்சு" என்று இரண்டு தடவை ஒலி எழுப்ப வேண்டும். எத்தனை இரைச்சலிலும் பையனுக்குக் கேட்கும். தம்பி இதைக் கல்லூரிக்கு எதிரிலிருந்த ஒரு சிற்றுண்டிக் கடையில் செய்தான். பையன் திரும்பவில்லை. பக்கத்து மேஜையில் இருந்த நான்கு பெண்களும் திரும்பினார்கள். கடையே எழுந்து நின்றது. அறை நண்பன் குறுக்கே விழுந்து, "பர்மாக்காரன் அக்கா, அவங்க ஊர் பழக்கம்" என்று கெஞ்சினான். "மூஞ்சியப் பாத்தா மன்னார்குடி, பர்மாவாமே!" என்றார் ஒருவர். கல்லூரியில் அவன் பெயர் அன்றிலிருந்து 'பர்மா'.

யாங்கோனிலிருந்து யார் பழனிக்கோ வேளாங்கண்ணிக்கோ யாத்திரை கிளம்பினாலும் அவர் பெட்டியில் பாதி இடம் அம்மாவுக்குச் சொந்தம். முகத்தில் அரைத்துப் பூசும் தனக்கா கட்டை, ஊறவைத்த தேயிலை லஹ்பெத், அதற்கு வறுத்த பயறும் எள்ளும், ஏழு பிளாஸ்டிக் பைகளுக்குள் ஙப்பி என்ற மீன்விழுது. வீட்டில் இருந்தவரை ஙப்பித் தட்டைக் கண்டால் மூக்கைப் பொத்தியவன், விடுதி அறையில் அதைத் திறந்து கண்கலங்கினான். அறை நண்பனும் கண்கலங்கினான், வேறு காரணத்துக்காக. வார்டன் வந்து கட்டிலுக்கடியில் எலி செத்துக் கிடக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். லஹ்பெத்துக்கு மட்டும் மவுசு. தின்றால் தூக்கம் வராது. பர்மா மாணவர்கள் பரீட்சை இரவுகளைத் தள்ளுவதே அதை வைத்துத்தான். செமஸ்டர் நெருங்கினால் மாடியிலிருந்தெல்லாம் "டேய் பர்மா, அந்த இலை இருக்கா?" என்று ஆள் வரும்.

விசித்திரம் என்னவென்றால், இங்கே திட்டித் தீர்த்த விஷயங்களுக்கும் அவன் அங்கே ஏங்குகிறான். தெருவெல்லாம் ஜெனரேட்டர் உறுமாததால் அவனுக்குத் தூக்கம் வரவில்லை. யாங்கோனில் மின்சாரம் திரும்பி வந்தால் "மீ லாபீ!" என்று தெருவே கூவும். விடுதியில் ஒருநாள் ஐந்து நிமிஷம் விளக்கு அணைந்து மறுபடி எரிந்தது. அந்த நடுராத்திரியில் ஒரே ஒரு குரல் கூவியது. ஏப்ரலில் தண்ணீர்த் திருவிழா ஞாபகத்தில், சித்திரை முதல்நாள் காலை, அறை நண்பன் தலையில் ஒரு வாளி ஊற்றிவிட்டான். அது லாரித் தண்ணீர். இரண்டு நாள் யாரும் அவனோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் சமாதானம். "உங்க ஊர் சாப்பாடு எங்க ஊர்லயே இருக்குடா" என்று கடற்கரை ரயில் நிலையத்துப் பக்கம் செகண்ட் லைன் பீச் தெருவுக்குக் கூட்டிப் போனார்கள். அறுபதுகளில் பர்மாவிலிருந்து கப்பலில் வந்திறங்கியவர்கள் போட்ட அத்தோ கடைகள். ஆரஞ்சு நிற நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், பக்கத்தில் வாழைத்தண்டு சூப். தம்பி ஒரு வாய் வைத்தான். எங்கள் தெருவில் இதைக் கொடுத்தால் வேறு ஏதோ நாட்டுச் சாப்பாடு என்பார்கள். "நல்லா இருக்கு" என்றான், வளர்ப்பு அப்படி.

கல்லாவில் எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர். தம்பி ரங்கூன் என்று தெரிந்ததும் எழுந்தே வந்துவிட்டார். "எந்தத் தெரு? மொகல் தெருவா?"

"ஷ்வே பொந்தா தெரு, தாத்தா."

"அது எங்கே இருக்கு?"

"அதுதான் மொகல் தெரு."

"பிரேசர் தெரு முனையில நாயர் கடை இருக்குமே?"

"பிரேசர் தெரு இல்ல, அனோரட்டா சாலை. அங்க இப்ப செல்போன் கடை."

பெரியவர் ஒப்புக்கொள்ளவில்லை. நேற்று வந்த பையனுக்கு என்ன தெரியும் என்று நண்பர்களிடமே முறையிட்டார். ஸ்காட் மார்க்கெட்டிலிருந்து நடந்தால் எது முதலில் வரும் என்பதில் வாக்குவாதம் முற்றி, நூடுல்ஸ் ஆறிப்போனது. தம்பிக்கு நாக்கு வறண்டுவிட்டது. சூப் ஊற்றுகிற பையன் முதுகைக் காட்டி நின்றான். தம்பி தன்னையறியாமல் உதட்டைக் குவித்து "ச்சு ச்சு" என்றான்.

பெரியவர் பாய்ந்து அவன் வாயைப் பொத்தினார். "இந்த ஊர்ல அப்படிக் கூப்பிடாதே, அடி விழும். அறுபத்தஞ்சுல நான் வாங்கியிருக்கேன்."