ஃப்ரெஷ் கருவாடு

தமிழர் நாவில் நாள்தோறும் புழங்கும் ஆங்கிலப் பெயரடைகளுள் ‘ஃப்ரெஷ்’ அளவுக்கு வேலை வாங்கப்படுவது பிறிதொன்றில்லை. அதன் பொருள்களை மூவகையாகப் பகுத்து, அவற்றுள் முறையானது எதுவெனத் துணிவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரடையாவது, பெயர்ச்சொல்லுக்கு முன் நின்று அதன் தன்மையை உணர்த்துவது. இச்சொல்லோ எதன் முன் நின்றாலும் விலையை மட்டுமே உணர்த்துகிறது. குளித்து வந்தவர் ஃப்ரெஷ், வேலை கிடைக்காதவர் ஃப்ரெஷர், முந்தாநாள் அரைத்துப் புளித்துப் பொங்கிப் பாக்கெட்டில் அடைபட்ட தோசை மாவும் ஃப்ரெஷ். இவை பொறுக்கத் தக்கவை. அண்மையில் பழவேற்காட்டுப் பகுதியில், காட்டூர்ப் பக்கம் சாலையோரப் பலகையொன்றில் காணப்பட்ட ‘ஃப்ரெஷ் கருவாடு’ பொறுக்கத் தக்கதன்று.

கருவாடாவது, மீனை உப்பிட்டு வெயிலில் உலர்த்திப் பெறுவது. அதாவது அம்மீன் ஃப்ரெஷ்ஷாக இருப்பதை வேண்டுமென்றே ஒழித்த பின்னரே அது கருவாடாகிறது. 2018ஆம் ஆண்டின் உணவு விளம்பர ஒழுங்குமுறைகள், கழுவுதல், தோலுரித்தல், குளிரூட்டல், நறுக்குதல் போன்றவற்றுக்கு மேல் பதப்படுத்தப்பட்ட எதற்கும் அச்சொல்லை மறுக்கின்றன. காய்ந்து நாளாகாத கருவாடு என்பதே வியாபாரியின் கருத்தெனில், காய்ந்த ஒன்றுக்கு நாள் எப்போது தொடங்குகிறது என்பதையும் பலகையிலேயே எழுதியிருக்கலாம்.

நூலோரை நாடினால் நிலைமை மேலும் மோசமாகிறது. மீன்வள நூல்கள் நீரை நன்னீர், உவர்நீர், கடல்நீர் எனப் பகுக்கும். அவற்றுள் நன்னீர் மட்டுமே ஆங்கிலத்தில் ஃப்ரெஷ். பழவேற்காடு ஏரியோ சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. ஆகவே பாடு முறைப்படி, அதாவது வலையிடும் இடங்களை ஊரார் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் வழக்கப்படி, தம் முறை வந்த மீனவர் வலையிலிருந்து உதறிய, இன்னும் துள்ளுகிற இறால் ஃப்ரெஷ் அன்று. ஆந்திரக் குளத்தில் வளர்ந்து, ஐஸ் பெட்டியில் லாரியேறி, கண் குழிந்து, செவுள் வெளுத்து வந்திறங்கும் கட்லா ஃப்ரெஷ். மேலும், வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறு முதலியவை வந்து கலக்க ஏரியின் உப்பு வெகுவாகக் குறையும், கோடையில் கடல்நீரையும் விஞ்சும். எனவே சேற்று நண்டு ஒன்று கார்த்திகையில் ஏறத்தாழ ஃப்ரெஷ்ஷாகவும், சித்திரையில் அந்த வாசனையே இல்லாமலும் ஆகிறது, இத்தனைக்கும் அது தன் வளையைவிட்டு நகரவில்லை. அதே நண்டு ஐஸில் நான்கு நாள் கிடந்து சென்னை உணவகத்தை அடைந்ததும், மெனு கார்டில் மீண்டும் ஃப்ரெஷ்ஷாகிவிடுகிறது.

ஏரிக்கரையில் கூடையோடு அமர்ந்திருப்பவர் இச்சொல்லைத் தாமாகச் சொல்வது அரிது. காரில் வந்திறங்குவோரே, கண்முன் வாலடிக்கும் மடவையைக் காட்டி “ஃப்ரெஷ்ஷா?” என்கின்றனர், “தூக்கிப் பாரு சார்” என்பதே கிடைக்கும் விடை. வாங்கிய மீனை அடுத்த ஞாயிறுவரை ஃப்ரிட்ஜில் வைக்கப்போகிறவருக்கு இக்கேள்வி எதற்கென்று விளங்கவில்லை.

மூவகைப் பகுப்பு இடமின்மையால் விடப்பட்டது. மீன் வாங்கச் செல்வோர் வாயை மூடிக்கொண்டு, கட்டைவிரலால் செவுளைத் திறந்து பார்க்க வேண்டும், சிவந்திருந்தால் வாங்கலாம். கருவாட்டுக்கு இச்சோதனை பொருந்தாது.