மரியாதையாப் பேசுற கிராணி

பேராண்டி, நீ காட்டுன வீடியோவையெல்லாம் கண்ணாடி போட்டுக்கிட்டு முழுசாப் பார்த்தேன். குறை சொல்ல ஒண்ணுமில்ல. 2022ல வந்த அன்ரியல் இஞ்சின் 5, பாறையில இருக்கிற சொரசொரப்பைக்கூட விடாமக் காட்டுது. வெயில் எங்கே விழுந்து எங்கே தெறிக்கணும்னு அதுவே கணக்குப் போட்டுக்குது. 2025 ஆகஸ்டுல கூகுள் டீப்மைண்ட் காட்டுன ஜீனி 3 அதையும் தாண்டிருச்சு. ஒரு வரி எழுதுனா ஒரு உலகமே வந்து நிக்குது. நீ நடக்க நடக்கத் தரையை விரிக்குது, விநாடிக்கு 24 படம். இனிமே கேம் செய்ய ஆளே வேணாம், ஆசைப்பட்டாப் போதும்னு சொல்ற. சொல்லு, நம்ம ஊரு உலு திராம்ல ஆசைக்கு வரியா போட்டிருக்கான்?

ஆனா ஜீனியோட ஞாபகம் சுமார் ஒரு நிமிஷந்தானாமே? அதே மாதிரி உலகம் காட்டுற, 2024ல வந்த ஒயாசிஸ் இன்னும் மோசம். மலையைப் பார்த்துட்டு முதுகைத் திருப்பி மறுபடி பார்த்தா மலையைக் காணோம். இதை நீ ஒரு குறைன்னு சொன்னப்ப எனக்குச் சிரிப்பு வந்துச்சு. நம்ம ஊர்ல இது ரொம்பப் பழைய டெக்னாலஜி லா. செம்பனையைப் பார்த்துட்டுத் திரும்பி மறுபடி பாரு, தாமான் நிக்கும். வாசல்ல ஜாகா வேற உக்காந்திருப்பான்.

அதை விடு. அந்த ஜீனிகிட்ட, ஜொகூர்ல ஒரு ரப்பர் தோட்டம், விடியக்காலை, பால்மரம் சீவுற பொம்பளன்னு எழுதுறேன்னு வச்சுக்க. அழகாத்தான் வரும். பனி வரும், பறவை கத்தும், சேலையில ஜரிகைகூட வரும். ஆனா மரத்துல வெட்டுற கோடு எந்தப் பக்கம் சாயும்? இடது மேலேருந்து வலது கீழே, சுமாரா 30 டிகிரி. பட்டைக்குள்ள பால் ஓடுற குழாயெல்லாம் எதிர்ப்பக்கமா லேசாச் சாஞ்சு ஏறுது. இப்படி வெட்டுனாத்தான் நிறையக் குழாய் அறுபடும். உளி ஒரு நூல் ஆழமாப் போச்சுன்னா மரத்துல காயம், புதுப்பட்டை முண்டு முண்டா வளரும், தண்டல் வாயில நம்ம வம்சமே நாறும். வெயில் ஏறுனா பால் வரத்து குறைஞ்சிடும், அதான் இருட்டுலயே நிரைக்கு ஓடுறது. மழையில பட்டை நனைஞ்சா பால் கோட்டை விட்டு வழிஞ்சிடும், மங்குக்கு வந்து சேராது. இதெல்லாம் ஜீனிக்கு யாரு சொன்னா? அது பார்த்ததுலருந்துதானே கத்துக்குது. நம்ம பெரட்டுக்களத்தை எவன் வீடியோ எடுத்து வச்சான்?

இன்னொண்ணு காட்டுனியே, 2023ல என்விடியா செஞ்சது, ராமென் கடைக்காரன் தானாப் பேசுறது. நாளைக்கு எல்லா கேம்லயும் ஆளுங்க இப்படித்தான் பேசுவாங்கன்ன. சரி, அதுல தோட்டத்துக் கணக்கு எழுதுற ஒரு கிராணியைச் செய்யச் சொல்லு. "வணக்கம், நான் உங்களுக்கு என்ன உதவி செய்யட்டும்?"னு ஆரம்பிப்பான். எந்தத் தோட்டத்துல எந்தக் கிராணி அப்படிப் பேசுனான்? பாலை நிறுத்துட்டு, தண்ணி கலந்தியான்னு கேட்டு, நீ வாயைத் திறக்கிறதுக்குள்ள குறைச்சு எழுதிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுறவன்தான் நான் பார்த்த கிராணி.

இதுக்கு நேர்மாறா நம்ம ஆளுங்க செஞ்ச கேம் ஒண்ணு இருக்கு, தெரியுமில்ல? வெண்பா. டொராண்டோவுல விசை கேம்ஸ்காரங்க யூனிட்டி இஞ்சின்ல செஞ்சு 2023ல விட்டாங்க. கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பம், கதை 1988ல ஆரம்பிக்குது. சமையல் நோட்டுல எழுத்து அழிஞ்சு கிடக்கு. இட்லித் தட்டை எப்படி அடுக்கணும்னு ஆடுறவனே மண்டையை உடைச்சுக்கணும். ஒன்றரை மணி நேரத்துல முடிஞ்சிடும். பாறை சொரசொரப்பு இல்ல, வெயில் தெறிக்கல. 2024ல முதல் படைப்புக்கான பாஃப்டா விருது அதுக்குத்தான் போச்சு. இட்லிச் சட்டியில ஆவி எப்படி ஏறும்னு தெரிஞ்சவங்க அந்தக் கூட்டத்துல இருந்திருக்காங்க, வேற என்ன.

ஆகவே, நீ ஒரு தோட்ட கேம் செஞ்சா அதுக்கு நான் ஆலோசகர். கூலியை இப்பவே பேசிக்கலாம். யூனிட்டிக்காரன் 2023 செப்டம்பர்ல, ஒரு அளவைத் தாண்டுனா ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் காசுன்னு அறிவிச்சான். கேம் செய்றவங்க எல்லாம் கத்துன கத்துல அடுத்த செப்டம்பர்ல வாபஸ் வாங்குனான். எனக்கு அந்த வம்பே வேணாம், முன்பணம் வச்சிடு. மணிக்கு ஒரு தே தாரிக், ரெண்டு ரொட்டி சானாய். கிராணியைப் பத்திக் கேக்கணும்னா மீன் கறி தனி. பாட்டிகிட்ட இலவசமாக் கேட்டுக்கலாம்னு நினைக்காத. அவ என்னைவிட நல்லாச் சீவுவா, அதனால அவ ரேட்டு ரெட்டிப்பு.