சட்டம் போட்டுக் காய்ச்சிய பீர்

1920 ஜனவரி 17 முதல் அமெரிக்காவில் மதுவிலக்கு. குடிப்பது குற்றமில்லை, காய்ச்சுவதும் விற்பதும் கொண்டுபோவதும்தான் குற்றம். அதாவது சோறு சாப்பிடலாம், உலை மட்டும் வைக்கக் கூடாது. இதை நடைமுறைப்படுத்தும் வால்ஸ்டெட் சட்டத்தை ஜனாதிபதி வில்சன் வேண்டாம் என்றுதான் திருப்பி அனுப்பினார். ஊரைத் திருத்தக் கிளம்பிய கூட்டத்துக்கு ஜனாதிபதியாவது மண்ணாங்கட்டியாவது!

சட்டத்தில் ஒரு சந்து விட்டிருந்தார்கள். வீட்டில் பழச்சாறு செய்துகொள்ளலாம். திராட்சைச் சாறு தானாகப் புளித்தால் வீட்டுக்காரர் என்ன செய்வார், பாவம்! பீருக்கான பார்லிக்கு மட்டும் அந்தக் கருணை கிடையாது.

பீர் கம்பெனிகள் சும்மா இருக்குமா? பட்வைசர் புகழ் அன்ஹைசர்-புஷ், பாப்ஸ்ட் எல்லாரும் மால்ட் பாகை டப்பாவில் அடைத்து விற்றார்கள். முளைகட்டிய தானியத்திலிருந்து எடுத்த கெட்டிப் பாகு. எதற்கய்யா என்றால், ரொட்டி சுட, பிஸ்கட் செய்ய. அதில் ஹாப்ஸ் சேர்த்த ரகமும் உண்டு. பீருக்குக் கசப்பேற்றுகிற பூ அது. எந்த வீட்டுக் குழந்தை கசப்பு பிஸ்கட் கேட்டு அழுததோ, எனக்கு விளங்கவில்லை.

அடுப்படி வேலை சுலபம். டப்பாவை வெந்நீரில் வைத்து இளக்கி, பாகையும் சர்க்கரையையும் பெரிய பானைத் தண்ணீரில் கொதிக்கவைத்து, ஊறுகாய் போடும் ஜாடியில் ஊற்றுவார்கள். ஆறியதும் ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டைக் கரைத்துவிட்டு, மேலே ஒரு துணி. மறுநாளே நுரை பொங்கி, புளித்த வாடை தெருவரை போகும். பக்கத்து வீட்டுக்காரர் காட்டிக்கொடுக்க மாட்டார். அவர் வீட்டு ஜாடியும் பொங்கிக்கொண்டிருக்குமே!

அவசரக்காரர்கள் பாடுதான் திண்டாட்டம். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று முடிக்கும் முன்பே பாட்டிலில் அடைத்து, மூடியை இறுக்கி, நிலவறையில் அடுக்கிவிடுவார்கள். உள்ளே ஈஸ்ட் தின்றுகொண்டே இருக்கும். கார்பன் டை ஆக்ஸைடு போக வழியில்லாமல் முட்டும். நடுராத்திரி 'டமார்' என்று ஒன்று வெடிக்கும். துணைக்குப் பக்கத்தில் இருக்கும் நாலும் போகும். தப்பிப் பிழைத்த பாட்டிலில் கால்வாசி ஈஸ்ட் வண்டல். ருசிக்காக யாரும் அதைக் குடிக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

1933 டிசம்பரில் மதுவிலக்கு ஒழிந்தது. வீட்டில் ஒயின் செய்ய அனுமதி வந்தது, பீர் விடுபட்டுப்போனது. சுருக்கெழுத்துக்காரர் அந்தச் சொல்லை எழுத மறந்துவிட்டார் என்று ஒரு கதை உலவுகிறது. மெய்யோ பொய்யோ, பழி எப்போதும் குமாஸ்தா தலையில்தான்.

ஆக, கடையில் பீர் தாராளம், அடுப்பில் வைத்தால் குற்றம். இந்தக் கூத்து நாற்பத்தைந்து வருஷம் ஓடியது. 1978 அக்டோபரில் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்டு அதை முடித்துவைத்தார். அவர் தம்பி பில்லியோ தன் பெயரிலேயே 'பில்லி பீர்' என்று ஒன்றை விற்கவிட்டார், அது போணியாகவில்லை. குடும்பத்தில் பீருக்கு உருப்படியாக எதையாவது செய்தவர் அண்ணன்தான். 1979 பிப்ரவரி முதல் வயதுவந்த ஒருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 100 கேலன், இரண்டு பேரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன். மாமனார் வந்து தங்கினாலும் அதே 200தான்.

இதுவும் மத்தியச் சட்டம்தான். மாநிலங்கள் தனித்தனியாக மனசு வைக்கவேண்டியிருந்தது. அலபாமாவும் மிசிசிப்பியும் மனசு வைத்தது 2013இல்.