இதோ பக்கத்துலதான் சார்

எதிரே வருகிறவர் அவர்தான். ஆனால் அவரைக் கேட்டால், எதிரே வருகிறவர் நீங்கள். ஒன்வேயில் ஓரத்து வெள்ளைக் கோட்டை ஒட்டி, எல்லா வண்டியும் போகிற திசைக்கு நேர் எதிராக, நேரமாகிவிட்ட கல்யாணத்துக்குத் தாலி கொண்டுபோகிற முகத்தோடு வருவார். "என்னண்ணே, ராங் சைடுல வர்றீங்க?" என்று யாராவது வாய்விட்டுக் கேட்டால் பதில் தயார்: "இதோ பக்கத்துலதான் சார்." எதற்குப் பக்கத்தில் என்பதைச் சொல்லமாட்டார். அவர் எங்கிருந்து கிளம்பினாலும், எங்கே போனாலும், அது பக்கத்துலதான். ஆகவே பக்கத்துலதான்காரர் என்றே அவரை அழைப்போம். ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு மச்சானோடு கடன் கணக்குப் பேசுவதும், சிவப்பு விளக்கு மாற இன்னும் பத்து நொடி இருக்கும்போதே முன்னால் நிற்பவரின் முதுகில் ஹாரனை வைப்பதும், ஜீப்ரா கோட்டைத் தம் பார்க்கிங் என்று நினைப்பதும் அவருடைய மற்ற திறமைகள். அவற்றை விட்டுவிடலாம். அவை பொழுதுபோக்கு. ராங் சைடு அவருடைய கொள்கை.

அவருக்குச் சாலை விதி தெரியாது, பாவம், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்று நல்ல மனசுக்காரர்கள் சிலர் சொல்வதுண்டு. இது அவரை அவமதிக்கிற பேச்சு. அவரைவிட நன்றாக விதி தெரிந்தவர் ஊரில் கிடையாது. தெரியாதவராக இருந்தால் சாலையின் நடுவில் அல்லவா வரவேண்டும்? அவரோ ஓரத்தை விடுவதேயில்லை. தூரத்தில் வெள்ளைச் சட்டையும் காக்கி பேன்ட்டும் தெரிந்துவிட்டால் அவர் செய்கிற காரியம் இன்னும் பெரிய சாட்சி. இன்ஜினை அணைப்பார், இறங்குவார், வண்டியை உருட்ட ஆரம்பிப்பார். அந்த நொடியிலிருந்து அவர் வாகன ஓட்டி அல்ல, வண்டி மக்கர் செய்ததால் வெயிலில் தவிக்கிற ஒரு பாதசாரி. போக்குவரத்துக் காவலரைத் தாண்டி இருபதடி போனதும் வண்டிக்குத் தானாகக் குணமாகிவிடும். சட்டம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று அடிக்கணக்கில் அறிந்தவரால்தான் இது முடியும். அவருடைய நம்பிக்கை வேறு. தப்பு என்பது திசையைப் பொறுத்ததல்ல, தூரத்தைப் பொறுத்தது. குறிப்பிட்ட தூரத்துக்குள் செய்தால் அது தப்பே ஆகாது. அந்தத் தூரம் எவ்வளவு என்பதில்தான் அவர் கறாராக இருப்பதில்லை. முதல் மாதம் மெடிக்கல் ஷாப் வரைக்கும், அடுத்த மாதம் பெட்ரோல் பங்க் வரைக்கும், தீபாவளிக்குள் அடுத்த சிக்னல் வரைக்கும் அது வளர்ந்துவிடும்.

முன்பெல்லாம் அவரிடம் ஒரு மரியாதை இருந்தது. பட்டப்பகலில் முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு வருவார். 'நான் வரக்கூடாதுதான், இருந்தாலும் வருகிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்' என்று அதற்கு அர்த்தம். விளக்கு எரிந்தால் பாவமன்னிப்பு கிடைத்த மாதிரி. அரசாங்கம் அதில் மண்ணைப் போட்டது. 2017 ஏப்ரலிலிருந்து விற்பனைக்கு வருகிற புது இருசக்கர வண்டிகளில், இன்ஜின் ஓடுகிறவரைக்கும் முகப்பு விளக்கும் எரிந்துகொண்டே இருக்கவேண்டும் என்று விதி வந்துவிட்டது. ஒழுங்காக வருகிறவன் வண்டியிலும் விளக்கு, இவர் வண்டியிலும் விளக்கு. அவருடைய தனி அடையாளம் போயிற்று. ஆனாலும் மனிதர் துவண்டுவிடவில்லை. ஹை பீமைப் பட்பட்டென்று அடித்துக் காட்டக் கற்றுக்கொண்டார். கூடவே இடது கையைத் தூக்கி, ஐந்து விரலையும் குவித்து, கொஞ்சம் பொறு என்கிற மாதிரி ஒரு சைகை. யார் பொறுப்பது? சரியான பக்கத்தில் வருகிறவர்தான். பழைய விளக்கில் மன்னிப்பு இருந்தது. புதிய விளக்கில் உத்தரவு இருக்கிறது.

இதில் முதலில் அடிபடுவது நடந்து போகிறவரின் கழுத்து. இடப்பக்கம் வண்டி ஓட்டுகிற நாடு இது. சாலையைக் கடக்க இறங்குகிறவர் முதலில் வலப்பக்கம் பார்க்கவேண்டும் என்று ஒன்றாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறோம். நடுவில் மீடியன் இருக்கிற சாலையில், முதல் பாதியைத் தாண்டுகிறவரைக்கும் இடப்பக்கம் பார்க்கவே வேண்டியதில்லை. அங்கிருந்து வண்டி வர வழியில்லை. பக்கத்துலதான்காரர் அங்கிருந்துதான் வருவார். வாழ்நாள் முழுக்கப் பழகிய கழுத்தை ஒரு நொடியில் அவர் முட்டாளாக்கிவிடுகிறார். அதோடு முடிந்தால் பரவாயில்லை. காய்கறிப் பையோடு துள்ளி ஒதுங்குகிற அம்மாவைப் பார்த்து, "ஏம்மா, பாத்து வர மாட்டியா? வூட்ல சொல்ட்டு வந்துட்டியா?" என்று கேட்பவரும் அவரே. கொஞ்சம் வயதான ஆணாக இருந்தால் 'சாவுகிராக்கி' என்ற பட்டமும் உண்டு. சாவைக் கூட்டிக்கொண்டு வந்தவர் அவர், கிராக்கி மட்டும் எதிராளியாம்.

இதைச் சிரித்துவிட்டுப் போகமுடியாமல் செய்வது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு. 2022இல் இந்தியச் சாலைகளில் செத்துப்போனவர்கள் 1,68,491 பேர். அதில் 32,825 பேர் நடந்து போனவர்கள், 74,897 பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள். அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நமக்குத்தான். தமிழ்நாட்டில் மட்டும் 64,105 விபத்துகள். இதைச் சொன்னதும் பக்கத்துலதான்காரர் நிமிர்ந்து உட்காருவார். அந்த அறிக்கையிலேயே எதிர்த்திசையில் ஓட்டியதால் வந்த சாவு சுமார் ஐந்து சதவீதம்தானே, எழுபதுக்கு மேல் அதிவேகம்தானே, என்னை ஏன் பிடிக்கிறீர்கள் என்பார். நியாயமான கேள்வி மாதிரிதான் தெரியும். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட சாவில் ஐந்து சதவீதம் என்பது எட்டாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள். மேலும், நாற்பதில் வருகிற இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் நெருங்கும்போது இடைவெளி எண்பதில் சுருங்குகிறது. 'நான் மெதுவாத்தான் சார் வந்தேன்' என்பது அவருடைய பங்குக்கு உண்மையாக இருக்கலாம். எதிரில் வருகிறவருடைய வேகத்தையும் தாமே எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார் என்பதை மட்டும் அவர் கணக்கில் சேர்ப்பதில்லை.

சைக்கிள்காரர் நிலைமை இன்னும் பரிதாபம். சாலையில் அவருக்கென்று யாரும் கோடு போட்டுக் கொடுக்கவில்லை. பழக்கத்தில் அவருக்குக் கிடைத்தது இடது ஓரத்து மூன்றடி. மழைநீர் வடிகாலின் மூடி, மணல், நிறுத்திவைத்த காரின் திடீரென்று திறக்கும் கதவு இவற்றோடு சேர்த்துத்தான் அந்த மூன்றடி. டீ கேன் கட்டிய சைக்கிளும், பேப்பர் போடுகிற பையனும், கட்டட வேலைக்குப் போகிற கொத்தனாரும் அதில் போகிறார்கள். பக்கத்துலதான்காரர் 'ஓரமா' வருகிறார் என்றால் இந்த மூன்றடியில்தான் வருகிறார். இரண்டு பேரும் நேருக்கு நேர் வந்துவிட்டால் ஒதுங்கவேண்டியவர் யார்? இதுவரை பைக் ஒதுங்கிச் சைக்கிள் நேராகப் போன சம்பவம் அநேகமாக நடந்ததில்லை. சைக்கிள்காரர்தான் வலப்பக்கம் ஒடித்து, முதுகுக்குப் பின்னால் மாநகரப் பேருந்து வருகிறதா என்று பார்க்கக் கண்ணாடிகூட இல்லாமல், நடுச்சாலைக்கு ஏறவேண்டும். ஓரமாக வந்த நல்லவருக்கு ஒரு கீறல் இல்லை. சென்னை மாநகராட்சி 2014இலேயே நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை தரும் கொள்கை ஒன்றை ஏற்றுக்கொண்டது. பாண்டி பஜாரில் 2019இல் அகலமான நடைபாதை வளாகமும் திறந்தார்கள். அந்தக் கொள்கை ஊர் முழுக்க எட்டவில்லை. எட்டிய இடங்களில் பக்கத்துலதான்காரரும் எட்டிவிட்டார். நடைபாதை அவருக்கு இன்னும் வசதி. அங்கே ஒன்வே கிடையாது, ஆகவே ராங் சைடும் கிடையாது.

அவர் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைப்பது சரியல்ல. நம் ஊரில் பல சந்திப்புகளில் சிக்னலை எடுத்துவிட்டு மீடியனை அடைத்துவிட்டார்கள். எதிர்ப்பக்கம் இருக்கிற தெருவுக்குப் போக இடப்பக்கம் திரும்பி, நெடுந்தூரம் போய், யு டர்ன் அடித்து, அதே தூரம் திரும்பி வரவேண்டும். மெட்ரோ ரயில் இரண்டாம் கட்டப் பணி ஆற்காடு சாலையையும் பழைய மாமல்லபுரம் சாலையையும் தகரத் தடுப்புகளாக மாற்றிய பிறகு, எந்தத் திருப்பம் இன்றைக்குத் திறந்திருக்கும் என்பது ஜோசியம். இந்த யு டர்ன் திட்டமெல்லாம் கிண்டியிலிருந்து சோழிங்கநல்லூர் போகிற கார் நிற்காமல் போகட்டும் என்று போட்டது. அதற்கான விலையை, எதிர்ச்சாரிக் கடைக்குப் போய்ப் பால் வாங்குகிறவர் கொடுக்கிறார். காரில் போகிறவருக்கு ஒரு கிலோமீட்டர் சுற்று என்பது ஏசியில் இன்னும் ஒரு பாட்டு. சைக்கிள் மிதிக்கிறவருக்கு அது கால்வலி. நடக்கிறவருக்கு அது நடை மேம்பாலத்தின் படிக்கட்டு. ஆகவே பொறியாளர் மேல் பக்கத்துலதான்காரருக்குக் கோபம் என்றால் அது கையெழுத்துப் போட்டு ஆமோதிக்கத்தக்க கோபம். ஆனால் அந்தக் கடனை அவர் வசூலிக்கிற ஆள் பொறியாளர் அல்ல. காய்கறிப் பை வைத்திருக்கிற அம்மாவிடமும் டீ கேன்காரரிடமும் வசூலிக்கிறார். யு டர்ன் தூரத்தில் இருப்பதால் ஏற்கெனவே அவரைவிட அதிகம் நஷ்டப்பட்டவர்கள் அவர்கள்தான்.

அவருடைய நஷ்டத்தையும் பார்த்துவிடுவோம். ஒரு கிலோமீட்டர் சுற்றிப் போக முப்பது வேகத்தில் இரண்டு நிமிடம். லிட்டருக்கு ஐம்பது கொடுக்கிற வண்டி என்றால் சுமார் இரண்டு ரூபாய் பெட்ரோல். பெட்ரோல் விற்கிற விலையில் என்று அவர் பெருமூச்சு விடுவதெல்லாம் இந்த இரண்டு ரூபாய்க்குத்தான். இந்த இரண்டையும் மிச்சப்படுத்தி அவர் எங்கே போய்ச் சேர்கிறார் என்று கவனித்தால், பெரும்பாலும் ஒரு டீக்கடை. அங்கே மிச்சம் பிடித்ததைப்போல் பல மடங்கு காசும் நேரமும் கொடுத்து, நாட்டில் யாரும் ரூல்ஸை மதிப்பதில்லை என்று பேசிக்கொண்டிருப்பார்.

உணவுப் பை மாட்டிய டெலிவரி பையன்களைச் சொல்லுங்கள், அவர்கள்தான் அதிகம் என்று இந்த இடத்தில் யாராவது குறுக்கிடுவார்கள். அவர்கள் வருவது உண்மை, அது ஆபத்து என்பதும் உண்மை. ஆனால் அந்தப் பையனுக்கு ஒரு நிமிடம் என்பது நிஜமாகவே காசு. அவனை ராங் சைடில் தள்ளுகிற கை சோபாவில் சாய்ந்துகொண்டு போன் திரையில் வண்டிப் பொம்மை எங்கே நகர்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறது. "அண்ணா, எங்க இருக்கீங்க? பக்கத்துலதானே?" என்று கேட்கிற அவரும் பக்கத்துலதான்காரர்தான், வீட்டைவிட்டுக் கிளம்பாமலே ராங் சைடு போகிறவர். எந்த அவசரமும் இல்லாமல் ஷாம்பு வாங்கப் போகிற நம் ஆள் இந்தப் பையனின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதுதான் பொறுக்கவில்லை. நடக்கிறவர்களும் எதிர்த்திசையில்தானே வருகிறார்கள் என்ற வாதமும் அப்படித்தான். நடைபாதை இல்லாத சாலையில் வண்டி வருவதைப் பார்த்தபடி நடப்பதுதான் பாதுகாப்பு. சைக்கிள்காரர் எதிரே வந்தால் தப்புதான், ஆனால் நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள இரும்பைத் தூக்கிக்கொண்டு அவர் வரவில்லை.

இத்தனைக்கும் பக்கத்துலதான்காரர் கெட்ட மனிதரில்லை. சாலையில் யாராவது விழுந்துவிட்டால் காரில் போகிறவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு ஏற்றிக்கொள்வார். வண்டியைக் குறுக்கே போட்டுப் போக்குவரத்தை நிறுத்தி, சோடா வாங்கிவரச் சொல்லி, ஆட்டோவில் ஏற்றி, கழன்று போன செருப்பைத் தேடி எடுத்துக் கொடுக்கிறவர் இவர்தான். தம் இனத்தார் மேல் பாசம் அதிகம். ராங் சைடில் எதிர்ப்படுகிற இன்னொரு ராங் சைடுக்காரரிடம், "தலைவா, அந்தாண்ட மாமா நிக்கிறாரு" என்று வண்டியை நிறுத்திச் சொல்லிவிட்டுத்தான் போவார். இந்த அக்கறையில் பத்தில் ஒரு பங்கை, சரியான பக்கத்தில் வந்த பாவத்துக்காக எங்களுக்கும் கொடுக்கலாம்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருக்கமுடியவில்லை. 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு, எதிர்த்திசையில் ஓட்டுவதை ஆபத்தாக ஓட்டுவது என்றே பெயர் சொல்லிக் குறிக்கிறது. முதல் முறைக்கே ஆயிரம் முதல் ஐயாயிரம் வரை அபராதம், சிறைக்கும் இடமுண்டு. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரிலிருந்து அபராதங்களை உயர்த்தினார்கள். பிடிபடுகிற அன்றைக்கு அவர் அதைச் சுங்கச்சாவடிக் கட்டணம் மாதிரி கட்டிவிட்டு, கட்டிய ரசீதுக்கு இன்னும் ஒரு வருஷம் செல்லுபடி இருப்பதுபோல் திரும்பிப் போகிறார். பிடிக்காத நாள்தான் அதிகம் என்பது அவருக்கும் தெரியும், பிடிக்கிறவருக்கும் தெரியும். மீடியனில் எங்கெங்கே திறப்பு வேண்டும் என்பதை நடக்கிறவரையும் சைக்கிளையும் மனதில் வைத்து மறுபடி முடிவு செய்கிற அன்றைக்கு அவருடைய கூட்டம் பாதியாகக் குறையும். அது எப்போது நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதுவரைக்கும் அவரிடம் கேட்பதற்கு ஒரே ஒரு கோரிக்கைதான் மிச்சம். வாருங்கள், வராமல் இருக்கப்போவதில்லை. ஆனால் ராங் சைடில் வரும்போது ஹாரன் மட்டும் அடிக்காதீர்கள். இதைச் சொன்னால் அவர் உண்மையாகவே திகைத்துப்போவார். "ஹாரன் அடிக்கலைன்னா நீங்க எப்படி சார் ஒதுங்குவீங்க?"