கேளுங்க, சொல்லுகேன்!

கே: ஜனாதிபதி தேர்தலில் நமக்கு ஏன் ஓட்டு இல்லை?
— கல்லூரி மாணவர், தேங்காய்ப்பட்டணம்

ப: உமக்குப் பதிலாக உம்ம எம்.எல்.ஏ. போடுகிறார். தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஓட்டுக்கு மதிப்பு 176. 1971 மக்கள்தொகையை வைத்துப் போட்ட கணக்கு. சட்டமன்றத் தேர்தலன்று நீர் படுத்துத் தூங்கினால், அந்த 176-ம் பக்கத்து வீட்டுக்காரர் இஷ்டப்படி டெல்லிக்குப் போகும்.

கே: அமெரிக்காவில் எல்லோரும் ஓட்டுப் போடுவார்களாமே?
— ஆசிரியை, புதுக்கடை

ப: ஜனாதிபதிக்கு என்றால் ஓரளவு வருவார்கள். இரண்டு வருடம் கழித்து நாடாளுமன்றத்துக்கு நடக்கிற இடைக்காலத் தேர்தலில் ஆளைக் காணோம். 2014-ல் நூற்றுக்கு 37 பேர்கூடத் தேறவில்லை. பணம் ஒதுக்கும் அதிகாரம் அந்தச் சபைக்குத்தான் என்பதை மறுநாள் பேப்பரில் படித்துத் தெரிந்துகொள்வார்கள்.

கே: இங்கேயும் பஞ்சாயத்து எலக்ஷனை யாரும் மதிப்பதில்லையே?
— வியாபாரி, கருங்கல்

ப: தப்பு, மக்கா. 2019 டிசம்பர் ஊரகத் தேர்தலில் இரண்டு கட்டத்திலும் 76 சதவீதத்தைத் தாண்டியது. 2024 நாடாளுமன்றத்துக்குத் தமிழ்நாட்டில் 69.72 மட்டுமே. அமெரிக்கனுக்கு நேர்மாறு! தெருவிளக்கு எரியாவிட்டால் பிரதமரைத் தேடிப் போக முடியாது என்பது கிராமத்தானுக்குத் தெரியும். ஆனால் 2022-ல் சென்னை மாநகராட்சிக்கு நூற்றுக்கு 44 பேர்கூட வரவில்லை. மழைவெள்ளம் வாசலுக்கு வந்த பிறகு கவுன்சிலர் பெயரைக் கூகுளில் தேடுகிற ஊர் அது.

கே: பஞ்சாயத்து எலக்ஷனில் நாலு நிறத்தில் சீட்டு தருகிறார்கள். குழம்புகிறதே?
— முதியவர், பைங்குளம்

ப: வார்டுக்கு வெள்ளை, தலைவருக்கு ரோஸ், ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். நாலு தரப்பிலும் கவர் வாங்கியவருக்குத்தான் குழப்பம் வரும்.

கே: ஒரு ஓட்டில் என்ன குடிமுழுகிவிடும்?
— ஆட்டோ ஓட்டுநர், மார்த்தாண்டம்

ப: ராஜஸ்தானில் சி.பி.ஜோஷியைக் கேளும். 2008-ல் மாநிலக் காங்கிரஸ் தலைவர். முதல்வர் நாற்காலி கைக்கெட்டும் தூரம். நாத்துவாராவில் ஒரே ஓட்டில் போச்சு! அவ்வளவு தூரம் போவானேன், பக்கத்து ராதாபுரத்தில் 2016-ல் 49 ஓட்டு வித்தியாசம். ஒரு பஸ் ஆட்கள். அன்றைக்கு அந்த பஸ் பிரேக்டவுன்போல.

கே: இடைத்தேர்தல் தண்டச்செலவுதானே?
— ஓய்வுபெற்றவர், குழித்துறை

ப: மெதுவாகப் பேசும்! 1967-ல் விருதுநகர்க்காரர்கள் காமராஜரை 1,285 ஓட்டில் வீட்டுக்கு அனுப்பினார்கள். எம்.பி.யாக இருந்த நேசமணி மறைவால் 1969-ல் நாகர்கோவிலுக்கு வந்தது இடைத்தேர்தல். சொந்த ஊர் கைவிட்டவரை டெல்லிக்கு ஏற்றிவிட்டது நம்ம ஜில்லா. கேட்ட கேள்வி பெரியவர்கள் காதில் விழுந்தால், உமக்குக் காது இருக்காது.

கே: தேர்தலன்று நாங்கள் ஆழ்கடலில் இருக்கிறோம். எப்படி ஓட்டுப் போட?
— விசைப்படகுத் தொழிலாளி, இரயுமன்துறை

ப: இதில் கிண்டல் இல்லை, தம்பி. மீன்பிடித் தடை கிழக்குக் கடலுக்கு ஏப்ரல் 15-ல் தொடங்கும். நம்ம மேற்குக் கடலுக்கு ஜூன் 1-ல். 2024-ல் வாக்குப்பதிவு ஏப்ரல் 19. ராமேஸ்வரத்துப் படகெல்லாம் கரையில். தேங்காய்ப்பட்டணத்துப் படகு கடலில். பட்டாளத்துக்காரருக்குத் தபால் ஓட்டு உண்டு. வாரக்கணக்கில் தங்கித் தூண்டில் போடுகிறவருக்குக் கிடையாது. ‘கடலோரத்தில் வாக்குப்பதிவு மந்தம்’ என்று ஒருவர் டி.வி.யில் வருத்தப்படுவார். காந்தி மண்டபத்து மாடியில் நின்று கடல் பார்த்தவராக இருக்கும்.

கே: வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். அவருக்கு ஓட்டு உண்டா?
— குடும்பத்தலைவி, இனயம்

ப: 2010-ல் சட்டம் திருத்தினார்கள். படிவம் 6ஏ கொடுத்துப் பெயர் சேர்க்கலாம். ஆனால் நேரில் வந்துதான் போட வேண்டும். டிக்கெட் விலைக்குக் கட்டுப்படியாகிற வேட்பாளர் இன்னும் பிறக்கவில்லை.

கே: ஓட்டே இல்லாத ஊர் எப்படியிருக்கும்?
— வாசகர், முஞ்சிறை

ப: தோப்பில் முகமது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யைப் படியும். முதலாளி வைத்ததே சட்டம். எழுதியவர் பிறந்தது தேங்காய்ப்பட்டணத்தில்தான்.

கே: அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் எத்தனை சதவீதம் பதிவாகும், அண்ணாச்சி?
— முன்னாள் வார்டு உறுப்பினர், கிள்ளியூர்

ப: முதலில் தேர்தல் வைக்கட்டும்! ஐந்து வருடத்துக்கொருமுறை நடத்தச் சொல்கிறது அரசியல் சாசனம். 2016-ல் நடக்க வேண்டியது கிராமத்துக்கு 2019 டிசம்பரில்தான் வந்தது. அதில் ஜெயித்தவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்ததும் மறுபடி தனி அலுவலர்கள் வந்து உட்கார்ந்தார்கள். தனி அலுவலர் நியமனத்தில் எப்போதும் நூற்றுக்கு நூறுதான் பதிவு. வாக்காளர் ஒருவர், அவர் கோட்டையில் இருக்கிறார்.