ஸ்மைல் ப்ளீஸ், வரி ஆபீஸ்லேருந்து வர்றோம்!

நியூயார்க் மாநகரத்தின் கட்டடங்களை ஒன்றுவிடாமல் போட்டோ எடுக்க வேண்டும் என்ற மகா யோசனை யாருக்கு வந்திருக்கும்? கலைஞர்களுக்கா? சரித்திரப் பேராசிரியர்களுக்கா? சேச்சே! வீட்டு வரி போடுகிற டிபார்ட்மென்ட்டுக்கு!

1939. பொருளாதார மந்தம் இன்னும் முழுசாக விட்டபாடில்லை. வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுக்க மத்திய அரசு டபிள்யூ.பி.ஏ. என்றொரு திட்டம் வைத்திருந்தது. எந்தக் கட்டடத்துக்கு எவ்வளவு வரி என்று நியாயமாக முடிவு செய்ய மாநகராட்சிக்குப் படங்கள் வேண்டும். ஆளும் ரெடி, வேலையும் ரெடி. லைகா கேமராவோடு தெருத்தெருவாகக் கிளம்பிவிட்டார்கள். 1941-க்குள் ஏழு லட்சத்துக்கும் மேல் படங்கள்! கூகுள் ஸ்ட்ரீட் வியூ எல்லாம் நேற்றுப் பெய்த மழையில் முளைத்த காளான் சார்.

படத்துக்குப் படம் பிளாக் நம்பர், லாட் நம்பர் எழுதிய பலகை ஒன்று முன்னால் நிற்கும். ஸ்டேஷனில் ஸ்லேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பிக்பாக்கெட் மாதிரி பரிதாபமாக முழிக்கும் வீடுகள். கம்போசிஷன், லைட்டிங் என்று யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. அதனால்தான் படியில் உட்கார்ந்த பொடியன், ஜன்னலில் எட்டிப் பார்க்கிற அம்மாள், ஓரமாக நின்ற கார் எல்லாரும் ஓசியில் சரித்திரத்தில் ஏறிவிட்டார்கள்.

புரூக்ளின் ஹைட்ஸ் என்ற பேட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 1965-ல் நியூயார்க்கின் முதல் பாதுகாக்கப்பட்ட வரலாற்றுப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடம். அங்கே மிடா தெருவில் 7-ம் நம்பர் வீடு. 1940-ல் ஜார்ஜ் டேவிஸ் என்ற பத்திரிகை எடிட்டர் அதை வாடகைக்குப் பிடித்துத் தன் சிநேகிதர்களையெல்லாம் குடிவைத்தார். கவிஞர் ஆடன், நாவலாசிரியை கார்சன் மெக்கல்லர்ஸ், இசை மேதை பெஞ்சமின் பிரிட்டன். கூடவே, மேடையில் உடைகளை ஒவ்வொன்றாகக் கழற்றியே புகழின் உச்சிக்குப் போன ஜிப்ஸி ரோஸ் லீ!

அறிவுஜீவிகள் சேர்ந்தால் அங்கே என்ன நடக்கும்? வாடகை பாக்கி நடக்கும். வசூல் பொறுப்பை ஏற்றவர் சாட்சாத் ஆடன். உலகம் கொண்டாடிய கவிஞர் வீட்டுக்குள்ளே கறார் ஹாஸ்டல் வார்டன். ஜிப்ஸியோ துப்பறியும் நாவல் எழுதிக்கொண்டிருந்தார். வரி ஆபீசுக்கு இதெல்லாம் எதற்கு? மாடி எத்தனை, அதைச் சொல்லு!

1945-ல் அந்த வீட்டை எக்ஸ்பிரஸ்வேக்காக இடித்துத் தள்ளினார்கள். நகரம் முழுக்க இப்படிச் சாலை போட்டுத் தள்ளிய பெருந்தலை ராபர்ட் மோசஸ். லட்சக்கணக்கான கார்களுக்கு வழி பண்ணிய அந்த மனுஷருக்கு, சத்தியமாகச் சொல்கிறேன், கார் ஓட்டத் தெரியாது.

தப்பித்த வீடுகளுக்கு வேறு கண்டம், சொந்தக்காரர்கள்! அழகான வாசல் படிக்கட்டைப் பெயர்த்து வீசினார்கள், உச்சி விளிம்பின் வேலைப்பாட்டைச் சுரண்டி எறிந்தார்கள், உள்ளே தடுத்துத் தடுத்து வாடகைக்கு விட்டார்கள். கேட்டால், மாடர்ன்! இன்றைய ஓனர் அதே படிக்கட்டைத் திரும்பக் கட்டப் பணத்தைக் கொட்டுகிறார். பழைய படி எப்படி இருந்தது என்று பழங்காலக் கட்டடங்களைப் பாதுகாக்கிற நகர கமிஷனிடம் காட்ட ஆதாரம் வேண்டுமே? ஓடுகிறார் வரி போட்டோவைத் தேடி. தாத்தா கடப்பாரையால் செய்த முன்னேற்றத்தைப் பேரன் பூதக்கண்ணாடி வைத்து ரிப்பேர் பண்ணுகிறார்.

2018-ல் நகர ஆவணக் காப்பகம் எல்லாவற்றையும் டிஜிட்டலாக்கி இணையத்தில் போட்டுவிட்டது. ஆன்லைனில் பார்க்க இலவசம், பிரின்ட் வேண்டுமென்றால் கட்டணம். வரி போடுவதற்காக எடுத்த படத்தைக் காசு கொடுத்து வாங்கி ஹாலில் மாட்டி அழகு பார்க்கிறார்கள். ஃப்ரேமுக்கு சேல்ஸ் டாக்ஸ் தனி.